நாக்கு ஒட்டு: வெட்டுவது ஒரு நிமிடம், அதன் பிறகு?

போன மாதம் எங்க அக்கா குழந்தைக்கு நாக்கு ஒட்டு எடுத்தார்கள். பிறந்து பதினைந்து நாள்தான். நாக்கின் அடியில் உள்ள சவ்வு நுனிவரை இழுத்துப் பிடித்திருந்ததால் பால் குடிக்க முடியவில்லை, அக்காவுக்கும் மார்பில் புண். கோவையில் ஒரு மருத்துவமனையில் கத்தரியால் ஒரே வெட்டு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது! "வசம்பச் சுட்டு நாக்குல தடவோணும் கண்ணு, அப்பத்தான் பேச்சு வரும்" என்றார் அம்மாயி. "தினமும் விரலை விட்டு நாக்கைத் தூக்கி இழுத்து விடோணும், இல்லீனா மறுபடி ஒட்டிக்கும்" என்றார் மச்சான். குழந்தை வீல் வீல் என்று அழுதது, கூடவே அக்காவும். யார் சொல்வது சரி என்று தேடப் போய், ஈராயிரம் வருடக் கதை கிடைத்தது.

முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செல்சஸ் தன் மருத்துவ நூலில் இந்த வெட்டை விவரிக்கிறார். நாக்கைப் பிடித்துத் தூக்கி, பக்கத்து ரத்தக் குழாயில் படாமல் சவ்வை வெட்ட வேண்டுமாம். காயத்தைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரே வரிதான்: மற்ற காயங்களுக்குச் சொன்னது போலவே. ஆனால் நேர்மையாக ஒன்றையும் ஒத்துக்கொள்கிறார். பெரும்பாலோர் ஆறியதும் பேசினார்கள், ஒருவருக்கு மட்டும் நாக்கு பல்லைத் தாண்டி நீண்டும் பேச்சு வரவில்லை. ஆக, வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்ற உத்தரவாதம் அன்றும் இல்லை!

வெட்டிய பிறகு என்ன செய்வது என்று விரிவாக எழுதியவர்கள் நம் நாட்டு யோகிகள். கேசரி முத்திரைக்கு நாக்கை மேலே மடித்து அண்ணத்துக்குள் செலுத்த வேண்டும். திருமூலரின் திருமந்திரத்திலேயே கேசரி யோகம் என்று ஒரு பகுதி இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை செய்முறையே தருகிறது. கள்ளி இலை போன்ற கூரான, சுத்தமான கருவியால் ஒரு மயிரளவு வெட்டு. அதன்மேல் இந்துப்பும் கடுக்காயும் பொடித்துத் தேய்க்க வேண்டும். ஏழு நாள் கழித்து இன்னொரு மயிரளவு. இப்படியே ஆறு மாதம்! போகரின் பழனி, கருவூராரின் கருவூர் என்று சித்தர் பெயர் சொல்லும் ஊர்கள் நிறைந்த நம் கொங்கு மண்ணுக்கு இந்தக் கேசரி புதிய சொல் அல்ல.

கவனியுங்கள், மச்சான் சொன்னதும் இதே தத்துவம்தான்: புண்ணைச் சேரவிடாதே. ஆனால் யோகி தானாக விரும்பிச் செய்தவர். கைக்குழந்தையிடம் யார் கேட்டார்கள்?

ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மருத்துவச்சிகள் நீளமாக வளர்த்த விரல் நகத்தாலேயே சவ்வைக் கிழித்துவிடுவார்களாம். 20-ஆம் நூற்றாண்டில் புட்டிப்பால் பரவியதும் இந்த வெட்டு குறைந்தது. தாய்ப்பாலின் அருமை திரும்பப் புரிந்ததும் வெட்டும் திரும்ப வந்தது.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 302 குழந்தைகளைச் சேர்த்த ஐந்து ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. தாயின் வலி சில நாளைக்குக் குறைகிறது, குழந்தை பால் குடிப்பது மேம்படுகிறதா என்பது உறுதியாகவில்லை. புண்ணை இழுத்துவிடும் பயிற்சிக்குப் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை என்பது 2024-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையின் நிலை. வாயில் அடிக்கடி விரல் விட்டால் குழந்தை வாய் திறக்கவே பயப்படலாம்.

மறுபடி மருத்துவரிடமே கேட்டோம். "உடனுக்குடன் பால் கொடுங்க, அதுதான் மருந்து" என்றார். நாக்கடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிவது சீழ் அல்ல, ஆறும் புண். ஓரிரு வாரத்தில் மறையும். ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே காட்ட வேண்டும். புண்ணில் வசம்பு வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் கூடாது.

அம்மாயிக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் வசம்பைக் கோர்த்துக் குழந்தை கையில் வளையலாகக் கட்டிவிட்டார். அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் வேலை :-)