புதுக்கோட்டை மாவட்ட மரங்களின் அறிவியல் பெயர்களும் குடும்பங்களும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் காடுகளில் பல, கிழக்குக் கடற்கரைச் சமவெளியின் உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய துண்டுகள். வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி ஆகியவை இக்காட்டு வகைக்குரிய மரங்கள். ஊரார் மரத்தின் குணம் பார்த்துப் பெயரிட்டனர். தாவரவியலோ பூ, காய், விதையின் அமைப்பைப் பார்த்துக் குடும்பம் பிரிக்கிறது.

கிள்ளினால் பால் வடியும் மரங்கள் பலவற்றுக்குப் 'பாலை' என்றே பெயர். ஆனால் உலக்கைப்பாலை (மணில்கரா ஹெக்ஸான்ட்ரா) சப்போட்டேசி குடும்பம். வெட்பாலை (ரைட்டியா டிங்டோரியா) அரளியும் எருக்கும் அடங்கிய அப்போசைனேசி. பெயரில் ஒட்டுறவே இல்லாத இலுப்பையும் (மதுகா லாங்கிஃபோலியா), திருக்கோகர்ணம் கோயிலின் தலமரமான மகிழமும் (மிமுசாப்ஸ் எலெங்கி) உலக்கைப்பாலைக்குச் சொந்தங்கள். சப்போட்டா இன்னும் நெருக்கம், ஒரே பேரினம். அதனால்தான் சப்போட்டா ஒட்டுக் கட்ட உலக்கைப்பாலைக் கன்றை வேர்ச்செடியாக வைக்கிறார்கள். வெட்பாலையில் அந்த ஒட்டு பிடிக்காது. நாற்றுப் பண்ணையில் 'பாலை' என்று மட்டும் கேட்டு வாங்குவது போதாது.

ஆவுடையார்கோயில் என்னும் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவாக வந்த இறைவன் மாணிக்கவாசகரை ஆட்கொண்டதாகத் தலபுராணம் கூறும். குருந்து (அட்டலான்ஷியா மோனோஃபில்லா) எலுமிச்சை, விளா, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றோடு ரூட்டேசி குடும்பத்தில் சேரும். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கசக்கினால் வாசம் எழும். நூல் அறியாதவரும் இக்குடும்பத்தை இப்படி இனங்காணலாம்.

அறிவியல் பெயரும் மாறக்கூடியதே. 1753இல் லின்னேயஸ் வில்வத்தை மாவிலங்கத்தின் பேரினமான கிரட்டீவாவில் வைத்தார். போர்ச்சுக்கல் நாட்டுக் கொர்ரேயா 1800இல் அதற்கு ஏகிள் என்ற தனிப் பேரினம் அமைத்தார். ஏகிள் மார்மெலோஸ் என்பதன் பின்னே லின்னேயஸ் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் கொர்ரேயா பெயர் வெளியிலும் எழுதப்படுவது அதனால்தான்.

டிஎன்ஏ ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட ஏபிஜி வகைப்பாடு 1998இல் வெளிவந்தது. இத்தகைய ஆய்வுகளால் குடும்பங்களும் இடம் மாறின. ஆமணக்குக் குடும்பமான யூஃபோர்பியேசியில் இருந்த வீரை (டிரைப்பீட்டிஸ் செப்பியாரியா) இப்போது புத்ரஞ்சிவேசி. வெர்பினேசியில் இருந்த நொச்சி (வைட்டெக்ஸ் நெகுண்டோ) துளசியின் குடும்பமான லேமியேசிக்குச் சென்றது. எருக்கு முன்பு அஸ்கிளிப்பியடேசி என்ற தனிக் குடும்பத்தில் இருந்தது. பழைய தாவரநூல்களிலும் உலர்தாவரத் தொகுப்புகளிலும் இவற்றைத் தேடுவோர் இரண்டு குடும்பப் பெயர்களிலும் பார்க்க வேண்டும்.