பிங் எகிறும் இடம்: மதுரை காளவாசலில் இணைய விளையாட்டுத் தாமதத்தின் வரலாறு

"ஸ்பீடு டெஸ்ட் போட்டா நூறு காட்டுது, கேமுக்குள்ள போனா பிங் எகிறுது." காளவாசல், பொன்மேனி, பெத்தானியாபுரம் பக்கம் பிஜிஎம்ஐ, வேலரன்ட் ஆடும் இளைஞர்கள் கேபிள்காரரிடம் சொல்லும் புகார் இது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நூறு என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வரும் என்ற கணக்கு. பிங் என்பது சிறிய பாக்கெட் ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. இந்தியாவில் இணைப்பு விற்றவர்கள் முதல் கணக்கைச் சொல்லியே விற்றார்கள். இரண்டாவது, வாங்குபவர் கண்ணில் படவே இல்லை. அந்தத் தாமதம் முப்பது ஆண்டுகளில் கடலுக்கு அப்பாலிருந்து படிப்படியாக நகர்ந்து, இன்று பெரும்பாலும் வீட்டு ரவுட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாமதத்தை அளக்கும் கருவி நம் ஊர் இணையத்தைவிட மூத்தது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 'பிங்' நிரலை எழுதினார். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், சில நூறு கெஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, கணினிகள் அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் முற்றியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் தந்த தீர்வு, பாக்கெட் தொலைந்தால் அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது. ஆக, பாக்கெட் இழப்பு என்பது வெறும் பழுதல்ல. வழியில் நெரிசல் என்று சொல்லும் அறிவிப்பும்கூட. இதை மறந்ததன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா மட்டுமே பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தின் தாமதம் தூரத்தில் இருந்தது. இரு வேறு நிறுவனங்களின் இந்திய வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டாலும் தரவு வெளிநாடு போய்த் திரும்பக்கூடிய நிலை. அதைத் தவிர்க்கத்தான் 2003இல் நிக்சி என்ற உள்நாட்டு இணைப்பகம் உருவானது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். மதுரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், சிங்கப்பூர் சர்வருக்குப் போய்வர 36 மில்லி விநாடிக்குக் குறைந்து முடியாது. எந்தப் பிளான் போட்டாலும் இந்த எண் இறங்காது. சர்வர்தான் நம் பக்கம் வர வேண்டும். அமேசான் 2016இல் மும்பையில் தரவு மையம் திறந்தது. வேலரன்ட்டுக்கு 2020இல் மும்பை சர்வர் கிடைத்தது. வால்வ் நிறுவனம் சென்னையிலேயே சர்வர் வைத்திருக்கிறது.

மதுரை மாவட்டத்தின் இணைய வரலாற்றில் தாமதத்தோடு வாழப் பழகிய ஓர் இடம் மேலூர். சென்னை ஐஐடியின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவற்றின் பங்கேற்போடு 'சாரி' திட்டம் 2000களின் தொடக்க ஆண்டுகளில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கூடங்களை அமைத்தது. இணைப்பின் உச்ச வேகம் 70 கேபிபிஎஸ். 1,500 பைட் கொண்ட ஒரு முழு பாக்கெட் அந்த வழியைக் கடக்கவே சுமார் 170 மில்லி விநாடி ஆகும். அதே வழியில்தான் கிராமத்தாரின் கண்களை வெப்கேமில் படம்பிடித்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். படம் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தாலும் மருத்துவர் பார்த்துப் பதில் சொல்ல அது போதும். கண் படத்துக்கு அரை நிமிடம் தாமதம் பொருட்டில்லை. துப்பாக்கிச் சண்டைக்குப் பத்தில் ஒரு விநாடியே தோல்வி. ஒரு பயனுக்கு ஏற்ற இணைப்பு இன்னொன்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மாவட்டத்தில் இல்லை.

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. முந்தைய ஆண்டின் அகண்ட அலைவரிசைக் கொள்கை 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. தாமதம் பற்றி அந்த வரையறையில் சொல் இல்லை. செம்புக் கம்பியில் மழைக்காலத்தில் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கினால் இரைச்சல் ஏறும். இரைச்சலைச் சமாளிக்க மோடம் தரவைக் கலைத்து அடுக்கி அனுப்பும். பிழை குறைந்தாலும் நேரம் கூடும். 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தரவிதி ஒன்றைக் கொண்டுவந்தது: பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள், நிக்சி வரை தாமதம் 120 மில்லி விநாடிக்குள், தரைவழியே வெளிநாட்டு முனை வரை 350க்குள். நல்ல விதி. ஆனால் அதில் ஒரு எண்கூட மாதாந்திரப் பில்லில் ஏறவில்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாத உரிமையை அவர் எப்படிக் கேட்பார்?

விளையாட்டை எழுதியவர்கள் இதற்குள் வேறு வழி கண்டிருந்தார்கள். 1996 டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்டு விளையாட்டில் ஜான் கார்மாக், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவரின் அசைவை அவர் கணினியே ஊகித்துக் காட்டும்படி செய்தார். விளையாட்டின் பாக்கெட்டுகள் பெரும்பாலும் யுடிபி முறையில் போகும். தொலைந்தால் திருப்பி அனுப்புவதில்லை, ஏனெனில் எதிரி அரை விநாடிக்கு முன் நின்ற இடம் இப்போது யாருக்கும் உதவாது. அதனால்தான் பாக்கெட் லாஸ் வந்தால் வெப்சைட் தாமதமாகவேனும் திறக்கும். விளையாட்டிலோ ஆள் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைப்பான்.

ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபின் ஆட்டம் பிரவுசிங் சென்டரிலிருந்து கைபேசிக்கு மாறியது. ஒரே கோபுரத்தை ஏராளமானோர் பகிரும் மாலை நேரத்தில், ரேடியோ வழி தொலைந்த பாக்கெட்டைத் தானே திருப்பி அனுப்பி இழப்பை மறைக்கும். அது பிங்கின் ஏற்ற இறக்கமாக வெளியே தெரியும்.

பிறகு ஃபைபர். இங்கேதான் ஜேக்கப்சனின் அறிவிப்பை மறந்த கதை வருகிறது. நினைவகம் மலிவானதும் தயாரிப்பாளர்கள் ரவுட்டர்களில் பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் பெரிய பஃபர்களை வைத்தார்கள், பாக்கெட் எதுவும் தொலையக் கூடாதென்று. தொலையாததால் அனுப்புபவருக்கு நெரிசல் தெரியவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. வீட்டின் அப்லோடு 10 எம்பிபிஎஸ், பஃபர் ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அக்கா கல்யாண வீடியோவை ஏற்றத் தொடங்கியதும் பஃபர் நிரம்பி, தம்பியின் நூறு பைட் பாக்கெட் அதன் கடைசியில் 0.8 விநாடி நிற்கும். ஜிம் கெட்டிஸ் 2010இல் தம் வீட்டிலேயே இதைக் கண்டு 'பஃபர்புளோட்' என்று எழுதினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல் என்ற வரிசை நிர்வாக முறையை வெளியிட்டார்கள். அதன் வளர்ந்த வடிவம் 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாயிற்று. ஸ்பீடு டெஸ்ட்டின் நூறு இந்த நோயைக் காட்டாது. பிளானை முந்நூறாக ஏற்றினாலும் கேபிள்காரர் அப்லோடை ஏற்றாவிட்டால் நோய் அப்படியே இருக்கும். ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால், அப்லோடு வரம்பை உண்மை வேகத்தில் 90 சதவீதத்துக்கு அமைப்பதே மருந்து.

ஆகவே பழுது தேடுவதும் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கே பிங் போட வேண்டும். அது ஒன்றிரண்டு மில்லி விநாடியில் நிற்காமல் துள்ளினால் குற்றம் வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றே, அடுக்குமாடியிலோ ரவுட்டர்கள் முப்பது இருக்கும். லேன் கேபிள் சொருகினால் ஐயம் தீரும். அடுத்து ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவைப் பார்க்க வேண்டும். மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் கம்பத்தில் இழை மடங்கியோ ஜாயிண்ட் கெட்டோ இருக்கும், அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும். இரண்டும் சரியென்றால், பாக்கெட் வழியில் கடக்கும் நிலைகளைக் காட்டும் டிரேஸ்ரூட். அதில் நடுவிலுள்ள ஒரு நிலை மட்டும் இழப்பு காட்டி, அடுத்தவை சரியாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பெரிய ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். ஒரு நிலையில் தொடங்கிய இழப்பு சர்வர் வரை தொடர்ந்து, அதுவும் இரவு எட்டு மணிக்கு இருந்து விடியற்காலையில் மறைந்தால், பெரும்பாலும் கேபிள்காரர் மதுரையிலிருந்து மேலே வாங்கிய கொள்ளளவு வாடிக்கையாளர்களுக்குப் போதவில்லை என்று பொருள். இரு நேரத்து முடிவுகளையும் படமெடுத்துப் புகாரோடு அனுப்பினால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பதிலோடு அவரால் முடித்துக்கொள்ள முடியாது.