சூளை ஊருக்கு அருகே ஓர் எண் கணிதர்

விருத்தாசலத்தில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, கணக்கு எடுத்துப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: "அதைப் படிச்சு என்ன பண்ணுவே?" பீங்கான் தொழில்நுட்பம் படித்தால் செராமிக் எஸ்டேட் இருக்கிறது. வேதியியல் படித்தவனுக்கு நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. கணக்கு படித்தவன் என்னைப் போல வாத்தியாராகலாம். அந்தக் கேள்வியை என்னிடமே கொண்டுவந்த பெற்றோர் பலர். "பி.எஸ்ஸி. கணக்குல சேத்தா என்ன சார் கெடைக்கும்?" என்பார்கள். சம்பள விவரம் சொல்வதற்கு முன், நம் மாவட்டத்தில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்வேன். அது இந்த ஊரில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் 1993 வரை ஒரே தென்னாற்காடு. அதன் திருக்கோவிலூரில் 1910இல் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்த ராமானுஜன், ஒரு குமாஸ்தா வேலை கேட்டு நோட்டுப் புத்தகங்களுடன் அவரைத் தேடித் திருக்கோவிலூருக்கு வந்தார். நோட்டுகளைப் பார்த்த ராமசாமி ஐயர், தாலுகா ஆபீஸின் அடிமட்ட வேலையில் இந்த மூளையை அமுக்கக் கூடாது என்று முடிவு செய்து, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். மற்றது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ராமானுஜன் வந்த அந்த நாளில் தென்னாற்காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இல்லை. 1920இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1928இல் சட்டம் இயற்றப்பட்டு, அவர் அளித்த 20 லட்சம் ரூபாயுடன் 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. இணைப்புக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்துகிற அலுவலகமாக அது இருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே நூலகத்தைப் பயன்படுத்தும் இடமாக இருந்தது. பாடம் நடத்துகிறவரே ஆராய்ச்சியும் செய்வார். இயற்பியலில் எஸ். ராமச்சந்திர ராவ், கணிதத்தில் ஏ. நரசிங்க ராவ், வி. கணபதி ஐயர் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள். மாணவர்களுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் 1933இல் தொடங்கிய 'தி மேத்தமாட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' என்ற இதழை நரசிங்க ராவ் அண்ணாமலைநகரிலிருந்தே நடத்தினார். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பேருந்தில் போனால் எட்டிவிடுகிற தூரம்தான் அது.

பல்கலைக்கழகம் பிறந்த அதே 1929இல் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ். எஸ். பிள்ளை. முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளி இறுதிப் படிப்பில் இருக்கும்போது தந்தையும் போனார். பள்ளி ஆசிரியர் ஒருவர் தாங்கிப் பிடித்ததால் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம், பிறகு சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி என்று வந்த வழி அது. அண்ணாமலைநகரில் 1941 வரை, 12 ஆண்டுகள் இருந்தார். அவருடைய பெரும் பணிகள் அந்த ஆண்டுகளில்தான் நடந்தன.

அவர் எடுத்தது வாரிங் கணக்கு. எந்த முழு எண்ணையும் 4 வர்க்க எண்களின் கூட்டாகவும், 9 கன எண்களின் கூட்டாகவும், 19 நான்காம் அடுக்கு எண்களின் கூட்டாகவும் எழுதிவிடலாம் என்று எட்வர்ட் வாரிங் 1770இல் சொல்லிவிட்டுப் போனார். நிரூபணம் தரவில்லை. 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 8, ஏழு 1, ஆக 9 கன எண்கள் தேவை. 8இல் அது முடியாது. ஆறாம் அடுக்குக்கு வந்தால் 703 என்ற எண் தொல்லை கொடுக்கும். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729, அது 703ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே பத்து 64, அறுபத்து மூன்று 1, மொத்தம் 73. எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று நிரூபிப்பதுதான் கடினம். பிள்ளை அதை 1940இல் முடித்தார். அதற்கு முன்பே, 1936இல், ஏழாம் அடுக்கும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஒரு பொதுச் சூத்திரத்தை, ஒரு நிபந்தனையோடு, நிறுவியிருந்தார். சிகாகோவில் டிக்சன் தனியாக அதே முடிவை அடைந்தார். பிள்ளையின் கட்டுரைகளில் ஒன்று வெளியானது அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில்! உலகத்தின் மறுபக்கத்துப் பேராசிரியர் போட்டியிட்ட கணக்கை, நம் மாவட்டத்தின் புதிய பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் தன் வளாகத்து இதழிலேயே எழுதினார்.

என் தந்தை இந்த ஊரில் ஒரு சிறு பீங்கான் பட்டறையில் சூளை பார்த்தவர். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல், பொம்மை எல்லாம் அங்கே வெந்தன. ஆறவிடும்போது ஒரு கட்டத்தில் அவசரமே கூடாது, இல்லாவிட்டால் சரக்கு விரிந்துவிடும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கணக்கோடு துணைப்பாடமாக வேதியியலைப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. சுமார் 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிச் சுருங்குகிறது. வேகமாகக் குளிர்ந்தால் பீங்கானால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. "அட, அதுக்கு நம்பர் இருக்கா?" என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் இனிக்கிறது. வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் கைக்குள் இருக்கிற ஊரில் வேதியியலுக்குச் சாட்சி சூளையே. எண் கோட்பாட்டுக்கு அப்படி எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. பிள்ளையின் இன்னொரு கண்டுபிடிப்பை வைத்துத்தான் வகுப்பில் நான் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த எண்களாக 16 வரை எத்தனையை எடுத்துக்கொண்டாலும், மற்ற எதனோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றில் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை காட்டினார். 17 எண்களில் அது உடைந்துபோகும். 2184 முதல் 2200 வரை கரும்பலகையில் எழுதி, துணை இல்லாத எண்ணைக் கண்டுபிடியுங்கள் என்பேன். இரட்டைப்படை எண்களும் 3இன் மடங்குகளும் உடனே அடிபடும். 2185, 2195 இரண்டும் 5ஆல் 2200ஐப் பிடிக்கும். 2191க்கு 7, 2189க்கு 11. கடைசி நம்பிக்கையாக நிற்பது 2197. அது 13 × 13 × 13, 2184உம் 13இன் மடங்கு. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைகளுக்கு அது போதும், வகுப்பு அதிர்ந்துவிடும். இந்தக் கணக்கைச் செய்தவர் சிதம்பரத்தில் பாடம் நடத்தியவர் என்று அடுத்துச் சொல்வேன்.

பிள்ளை 1941இல் திருவிதாங்கூருக்கும் அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கும் போனார். பிரின்ஸ்டனில் ஓராண்டு தங்க அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49.

அவர் விட்டுச்சென்ற இடைவெளிகளில் ஐந்தாம் அடுக்கை 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் அடைத்தார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பதை 1986இல் ஆர். பாலசுப்பிரமணியன் இரண்டு பிரெஞ்சுக் கணிதர்களோடு சேர்ந்து நிரூபித்தார். ஒன்று மட்டும் முழுமையாக முடியவில்லை. பிள்ளையின் சூத்திரத்தோடு வந்த அந்த நிபந்தனை, ஒன்றரையின் அடுக்குகளில் தசமப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியைப் பற்றியது. அதை மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு என்று கணிதர் மாலர் 1957இல் காட்டினார். இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை, ஆனால் ஒன்றும் இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. பி.எஸ்ஸி. சேரப்போகிறேன் என்று வரும் பிள்ளைக்கு இதைத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.