முகைதீனும் மொய்தீனும்: பெயர்கள் வந்த வழி

கோயம்புத்தூருக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த ஊர் மதுக்கரை. அங்கிருந்து வாளையாற்றைக் கடந்தால் மலையாள நாடு. கொங்கு நாட்டையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த பெருவழி இந்தக் கணவாயினூடே பன்னெடுங்காலம் சென்றது. 1862இல் சென்னையையும் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதையும் போத்தனூர் வழியாக இதனுள்தான் நுழைந்தது. 1930களில் மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்டுத் தொழிற்சாலை எழுந்தபின், தொழிலாளரும் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தனர்.

இத்தகைய வாயிலோரத்து ஊர்களில் ஒரே பெயர் மூன்று உருவங்களில் ஒலிப்பதைக் கேட்கலாம். தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டில் அது முகைதீன், வாய்ப்பேச்சில் மைதீன். மலையாளம் பேசுவோர் வீட்டில் மொய்தீன். தக்னி உருது பேசுவோர் வீட்டில் மொஹியுத்தீன். மூன்றும் ‘மார்க்கத்தை உயிர்ப்பித்தவர்’ என்னும் பொருளுடைய முஹ்யித்தீன் என்ற அரபுச் சிறப்புப் பெயரே. பக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களுக்கு வழங்கிய அப்பட்டம், காதிரிய்யாத் தரீக்காவோடு பயணம் செய்து தென்னிந்தியாவின் வீடுதோறும் நுழைந்தது. கோழிக்கோட்டுக் காழி முஹம்மது 1607இல் அரபு மலையாளத்தில் இயற்றிய முஹ்யித்தீன் மாலை அங்கே அப்பெயரை நிலைநாட்டியது. தமிழகத்தில் நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது (ரஹ்) அவர்களின் இயற்பெயரும் அப்துல் காதிர் என்பதே. ஆகவே காதர், மீரான், சாகுல், முகைதீன் என நம் பாட்டனார் தலைமுறையில் ஊருக்கு நூறு பேர் இருந்ததில் வியப்பில்லை.

இன்று அந்தப் பெயர்கள் அருகி வருகின்றன. அருகுவது மட்டுமன்று, அவை பிழையானவை என்ற எண்ணமும் இளையோரிடையே பரவியுள்ளது. ‘மைதீன் என்று ஒரு பெயரா? சரியான அரபியில் எழுதக் கூடாதா?’ என்று பேரன் கேட்கிறான். பெயர்ப் பட்டியல்களைத் துழாவி, எவருக்கும் இல்லாத ஒன்றைத் தேடிப் பிள்ளைக்குச் சூட்டும் பெற்றோரும், தம் தந்தையின் பெயரைக் கொச்சை என்று கருதி ஆவணங்களில் மாற்றி எழுதும் பிள்ளைகளும் பெருகிவிட்டனர். இது வெறும் நாகரிகக் கேள்வியன்று. பெயரின் ஒலியைத் திருத்தும்போது எது போய்விடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் மார்க்கத்தின் நிலையைக் காண்போம். நல்ல பொருளுடைய பெயரைச் சூட்டுவது கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழி. ‘மாறு செய்பவள்’ என்று பொருள்பட்ட ஆஸியா என்ற பெயரை நபிகள் நாயகம் (ஸல்) ஜமீலா என்று மாற்றினார்கள். (பிர்அவ்னின் மனைவியான ஆஸியா அம்மையாரின் பெயர் வேறு எழுத்துகளால் ஆனது; இரண்டும் தமிழில் ஒன்றுபோல் தோன்றுவதால் குழப்பம் கூடாது.) கரடுமுரடு எனப் பொருள்படும் ஹஸ்ன் என்ற பெயரினரிடம், எளிமை எனப் பொருள்படும் ஸஹ்லு என்று வைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அவரோ தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்றார். அவரை வற்புறுத்தியதாகச் செய்தி இல்லை. திருத்தம் என்பது பொருளைப் பற்றியது. நாவின் ஒலியைப் பற்றியதன்று. உமர், உஸ்மான், ஹம்ஸா, கதீஜா என்பன இஸ்லாத்துக்கு முன்பே அரபியர் வழங்கிய பெயர்கள்தாம். அவற்றைத் தாங்கியவர்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று. நாம் ‘சுத்த அரபி’ என்று எண்ணும் பெயர்களிற் பல அரபியே அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மொழியறிஞர் அல்ஜவாலீகீ, அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்து ‘அல்முஅர்ரப்’ என்ற நூல் எழுதினார். நபிமார்களின் பெயர்களில் ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மது ஆகிய நான்கைத் தவிர ஏனையவை பிறமொழிப் பெயர்கள் என்பது அவர் கூற்று. மதரஸாவில் இலக்கணம் ஓதிய எவரும் இதை அறிவர். இப்ராஹீம், இஸ்மாயீல், யூசுப் ஆகிய பெயர்கள் தன்வீன் ஏற்பதில்லை. அவை அயல்மொழிப் பெயர்கள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எபிரேய ஒலி அரபு நாவில் மாறியது. அம்மாறிய உருவிலேயே திருக்குர்ஆன் அவற்றை வழங்குகிறது. அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயரின் கதை இன்னும் சுவையானது. அதன் தொடக்கத்து ‘அல்’ என்னும் ஒலியை அரபியர் தம் மொழியின் சுட்டு எனக் கொண்டனர்; எஞ்சியது இஸ்கந்தர் ஆயிற்று. பாரசீகத்தில் அது சிக்கந்தர். மதுரை சுல்தான்களில் இறுதியானவர் அப்பெயர் பூண்டவர்; மதுரைப் பக்கத்து முஸ்லிம்களிடையே இன்றும் அது வழங்குகிறது. மாந்தரைக் காப்பவன் என்ற கிரேக்கப் பொருளை அறிந்தா அங்கே பிள்ளைக்குச் சிக்கந்தர் என்று பெயரிடுகிறார்கள்? அரபியர் கிரேக்கத்தைச் சிதைத்தனர் என்று எவரும் குறை கூறுவதில்லை. தமிழர் அரபியைத் தம் வாய்க்கு இசைத்துக்கொண்டால் மட்டும் அது சிதைவாகிவிடுகிறது!

தமிழ் இசைத்துக்கொண்ட விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. வடசொல் தமிழில் புகும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தொடு பொருந்த வேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. அதே நெறியில் ஹகரம் ககரமாயிற்று அல்லது மறைந்தது: அஹ்மத் அகமது ஆனார், ஹஸன் அசன் ஆனார். சொல்லின் ஈற்றில் வல்லெழுத்து நில்லாது என்பதால் உகரம் சேர்ந்தது: தாவூது, யூசுபு, செய்யது. ரகரம் மொழிமுதல் ஆகாது என்பதால் ரஹ்மான் இரகுமான் எனப்பட்டார். சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் இபுறாகீம் என்றும் சிபுறயீல் என்றும் கதீசா என்றும் எழுதியது அரபி அறியாமையால் அன்று. காப்பியத்தின் ஓசைக்குள் நபிமார்களையும் வானவரையும் வரவேற்ற முறை அது. அவர் காலத்து வள்ளல் ஷைகு அப்துல் காதிர், மக்கள் நாவில் சீதக்காதி ஆனார். அப்பெயரை இன்று யார் திருத்தப் போகிறார்கள்?

இங்கே தமிழ்க் கிறித்தவர் நடந்த வழியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கத்தோலிக்கர் பல பெயர்களைப் பொருளால் மொழிபெயர்த்தனர். யோவான் அருளப்பர் ஆனார். பவுல் சின்னப்பர் ஆனார். எபிரேயத்தில் பெருக்கத்தைக் குறிக்கும் யோசேப்பு என்ற பெயரை வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்று ஆக்கினார். அதே பெயரை நாம் யூசுபு என்றோம். பொருளைப் பெயர்க்காமல் ஒலியைக் காத்து, அவ்வொலிக்குத் தமிழ் உடை அணிவித்தோம். ஓதுதல் மரபில் ஊறிய சமூகத்துக்கு ஒலியே முதன்மை என்பது இதற்குக் காரணமாகலாம்.

இவ்வொலிகளுள் வரலாற்றுக்கு மிகப் பயன்படும் ஓர் எழுத்து உண்டு. அது அரபியின் ‘ளாத்’. நோன்பு மாதத்தைத் தமிழர் ரமளான் என்கிறோம். உருது பேசுவோர் ரம்ஜான் என்பர். நமக்கு ஒளு, அவர்களுக்கு வஜூ. நமக்குப் பர்ளு, அவர்களுக்குப் பர்ஸ். பெயர்களிலும் இவ்வேறுபாடு உண்டு: சுவனக் காவலரின் பெயர் ஒரு வீட்டில் ரிள்வான், அடுத்த வீட்டில் ரிஸ்வான். எது சரி என்று சண்டையிடுவோர் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் இலக்கண மேதை ஸீபவைஹி, இவ்வெழுத்து நாவின் பக்கவாட்டிலிருந்து கடைவாய்ப் பற்களை ஒட்டிப் பிறக்கும் என்று விளக்குகிறார். அதாவது லகர ளகரங்களின் சாயல் உடையது. அந்தலூசியாவில் அல்காழி என்ற சொல்லை ஸ்பானியர் ‘அல்கால்தே’ என்று ஏற்றபோது நடுவில் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டது. மலாய் மொழியில் ‘ரிளா’ என்ற சொல் ‘ரெலா’ ஆயிற்று. நம் ளகரமும் இந்த வரிசையில் நிற்பது. தென் அரேபியாவிலிருந்து கடல் வழியே வந்தவர்களின் வாயிலிருந்து நேரே கேட்ட ஒலி அது. ஜகர ஸகர ஒலியோ பாரசீகம் வழியாக, வடக்கிலிருந்து தரைவழியே குதிரையிலும் படையோடும் வந்தது.

கொங்கு நாடு இவ்விரண்டு வழிகளும் முட்டிக்கொள்ளும் இடம். ஹைதரலி, திப்பு ஆட்சியில் இருந்து, 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமானது கோயம்புத்தூர்ப் பகுதி. கோட்டைமேடு என்ற பெயர் அக்காலக் கோட்டையின் நினைவு. தக்னி உருதும் கான், பேக் போன்ற துருக்கிய ஒட்டுகளும் இங்கே வேரூன்ற அந்த ஆட்சி துணை செய்தது. (திப்பு என்ற பெயரோ எதிர்த்திசையில் சென்றது. ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியாவின் நினைவாகவே அம்மன்னருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. தமிழ் மண்ணிலிருந்து மைசூருக்குப் போன பெயர் அது.) உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபினர்; ஷாபிஈகளான கடற்கரை மரைக்காயர்களிலிருந்து வேறுபட்டவர்கள். ஆயினும் ஒளு என்றும் ரமளான் என்றும் கடற்கரை ஒலியையே அவர்களும் வழங்குகிறார்கள். மத்ஹபு ஒரு வழியிலும் மொழி ஒரு வழியிலும் வந்திருக்கின்றன. இதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் தேவையில்லை; வீட்டுப் பேச்சே சான்று.

பெயரின் அமைப்பும் இவ்வாறே பேசுகிறது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில் சாட்சிகள் கூபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். அவர்களுள் மைமூன் பின் இப்ராஹீம் ஒருவர். உஸ்மான் பின் அல்மர்ஸுபான் மற்றொருவர். மர்ஸுபான் என்பது எல்லைக் காவல் தலைவனைக் குறிக்கும் பாரசீகப் பதவிப் பெயர். அரபிப் பெயருடைய மகனுக்குப் பாரசீகப் பெயருடைய தந்தை! ‘பின்’ என்று தந்தையைச் சுட்டும் இந்த நஸபு முறை, தமிழனின் தலைப்பெழுத்து முறைக்கு எளிதாகப் பொருந்திற்று. அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்ற பெயரில் கொள்ளுப்பாட்டனாரும் பாட்டனாரும் தந்தையும் வரிசையாக நிற்கின்றனர். தமிழர் அதை ஏ.பி.ஜே. என்று மூன்றெழுத்தில் அடக்கினர்.

அதில் வரும் பக்கீர் என்ற பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்று பெயரிடுவது தமிழ் மண்ணின் பொது வழக்கம். அதையே முஸ்லிம்கள் பிச்சை மைதீன் என்றும் பக்கீர் முகம்மது என்றும் இட்டனர். தஞ்சை, நாகை வட்டாரத்து இந்துக்களோ பக்கிரிசாமி என்று வைத்தனர். ‘இழிவான பெயர்’ என்று இன்று ஒதுக்கப்படும் அச்சொல்லின் பன்மையாலேயே திருக்குர்ஆன் (35:15) மனிதர் அனைவரையும் அல்லாஹ்வின்பால் தேவையுடையோர் என அழைக்கிறது.

திருத்தமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அப்துர் ரஹ்மானை ரகுமான் என்று மட்டும் விளிப்பதை உலமாக்கள் கண்டித்தது நியாயம்; அடியான் என்ற சொல்லை நீக்கினால் பொருள் தலைகீழாகிறது. அலுவலகப் படிவங்கள் அப்துல் என்பதைத் தனிப்பெயராகவும் காதரைக் குடும்பப் பெயராகவும் பிளப்பது அதைவிட மோசம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பத் தந்தையின் பெயரை இட்டு, வளைகுடா நாட்டில் தந்தையின் பெயராலேயே வாழ்நாள் முழுதும் அழைக்கப்பட்டோர் பலர். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டியிருந்தது. அங்கே மைதீன், இங்கே முகைதீன், ஆதாரில் முஹைதீன் என்றிருந்தால் மூவரும் ஒருவரே என்று எவருக்கு விளக்குவது? பழைய உருவைக் கைவிட்டவர்களுக்குத்தான் இத்தொல்லை மிகுதி. பாட்டனார் எழுதியபடியே எழுதி வந்த குடும்பத்துக்கு அது குறைவு.

ஆண்களின் பெயர்களாவது பள்ளிவாசல் கல்வெட்டுகளிலும் சொத்துப் பத்திரங்களிலும் எஞ்சும். பெண்களின் பெயர்களே விரைந்து மறைகின்றன. அவற்றின் ஈற்றைப் பாருங்கள். பேகம் துருக்கியம், பானு பாரசீகம், பீவி பாரசீகம் வழி உருதில் வந்த பீபீ, அம்மாளும் நாச்சியாரும் தமிழ். மெகருன்னிசாவின் முற்பகுதி பாரசீகத்துச் சூரியன், பிற்பகுதி அரபியில் பெண்கள். பாத்திமா என்ற திருப்பெயரைத் தமிழ்த்தாய்மார் முத்தோடு சேர்த்துப் பாத்திமுத்து என்றனர். செய்யதம்மாள், மீராம்மாள், ரகுமத்து நாச்சியார் என்று பெயர் பெற்ற கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. பழைய ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேடுகளைப் புரட்டினால், மணமகளின் பெயரை லெப்பை அரபுத் தமிழ் எழுத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார். வலீயான தந்தை தமிழில் வேறு விதமாகக் கையெழுத்திட்டிருப்பார். பின்னாளில் ஒருவர் ஆங்கிலத்தில் மூன்றாம் விதமாகச் சேர்த்திருப்பார். அப்பதிவேடுகள் பல இன்று பள்ளிவாசல் அலமாரிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன.