எமிலியானோ சாலாவின் கடைசி விமானம்: யூகங்களும் ஏற்பாட்டின் கதையும்

தெரிந்த ஒருவர் சொல்லி, உங்களுக்காக ஒரு குட்டி விமானம் வருகிறது. க்யூ இல்லை, காத்திருப்பு இல்லை, நேராக ஊரில் இறக்கிவிடுவார்கள். வேண்டாம் என்பீர்களா? 28 வயது அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2019 ஜனவரியில், பிரான்ஸின் நான்ட் அணியிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் சிட்டி அணி அவரை 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. பழைய நண்பர்களிடம் விடைபெற நான்ட் போனவர், 21-ம் தேதி கார்டிஃப் திரும்ப வேண்டும். காலையில் கிளம்ப வேண்டிய விமானத்தை அவர் கேட்டுக்கொண்டதால்தான் இரவுக்கு மாற்றினார்கள். பிரிட்டன் நேரப்படி இரவு 7.15-க்குக் கிளம்பிய ஒற்றை இன்ஜின் பைப்பர் மலிபு, ஒரு மணி நேரத்தில் கர்ன்ஸி தீவுக்கு வடக்கே ரேடாரிலிருந்து மறைந்தது. விமானம் உதிர்ந்துவிடும்போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று நண்பர்களுக்கு சாலா அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ, மறுநாள் உலகமெல்லாம் சுற்றியது.

அப்புறம் யூகங்கள்தான். வேறெங்காவது இறங்கியிருக்கலாம், கடலில் இறங்கி ஏதாவது கப்பல் ஏற்றியிருக்கலாம், மிதவைப் படகில் இருக்கலாம், கடலில் மோதி உடைந்திருக்கலாம். இந்த நான்கையும் வெளிப்படையாகச் சொன்னதே கர்ன்ஸி போலீஸ்தான்! மிதவைப் படகை நம்பித்தான் முதலில் தேடினார்கள். 24-ம் தேதி தேடல் நின்றது. ரசிகர்களும் வீரர்களும் திரட்டிய பணத்தில் டேவிட் மெர்ன்ஸ் என்ற கடல் தேடல் நிபுணர் இறங்கினார். பிப்ரவரி 3-ம் தேதி, தேடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, சுமார் 67 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. உள்ளே சாலாவின் உடல்.

எல்லோரும் வழியைத்தான் தேடினார்கள். பெரிய சிக்கல் இருந்தது ஏற்பாட்டில். பயணத்தை ஏற்பாடு செய்தவர் அப்போது பாரிஸில் இருந்ததால், 59 வயது விமானி ஒருவரை அனுப்பினார். அவரிடம் இருந்தது தனியார் லைசென்ஸ் மட்டும். கட்டணப் பயணிகளை ஏற்றக் கூடாது, இரவில் ஓட்டும் தகுதியும் இல்லை. இவரை இனி ஓட்ட விடாதீர்கள் என்று விமான உரிமையாளர் தரப்பு முன்பே சொல்லியிருந்தது. விபத்து தெரிந்ததும், வாயைத் திறக்காதீர்கள் என்று சிலருக்கு மெசேஜ் அனுப்பினாராம் ஏற்பாட்டாளர். 2021-ல், விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு 18 மாதச் சிறை. 

இப்படிப்பட்ட பயணங்களை 'கிரே சார்ட்டர்' என்கிறார்கள். பார்க்க வாடகை விமானம் மாதிரியே இருக்கும். ஆனால், வாடகை விமானத்துக்கான உரிமம் இருக்காது. செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பது வழக்கமான சாக்கு. நீங்கள் ஏறுவதாக இருந்தால், ஆபரேட்டரின் உரிமத்தைக் கேட்டுப் பார்க்க கூச்சப்படாதீர்கள்.

சரி, விமானம் ஏன் விழுந்தது? மோசமான வானிலையில் மேகத்தைத் தவிர்க்கத் திரும்பியபோது விமானி கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம், வேகம் எல்லை மீறி விமானம் நடுவானிலேயே உடைந்தது என்றது 2020 விசாரணை அறிக்கை. சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 சதவிகிதம். 50-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. எக்ஸாஸ்ட் புகை கேபினுக்குள் கசிந்திருக்கிறது. விமானியையும் அது பாதித்திருக்கலாம். வாசனையே இல்லாத அந்த வாயுவைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் சின்னக் கருவிகூட விமானத்தில் இல்லை.

விமானியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.