ஓதத் தெரிந்த தாய்மார்கள்

இறைமறையில் முதன்முதலாக இறங்கியதே ஓதும்படியான கட்டளைதான். அந்தக் கட்டளையை நம் சமூகம் இந்த மண்ணில் எப்படி நிறைவேற்றியது என்பதைப் பொன்விழா வேளையில் எண்ணிப் பார்க்கிறோம்.

சுவா சூ காங் அடக்கஸ்தலத்திற்கு ஜியாரத் செய்யச் செல்லும்போதெல்லாம் நம் பாட்டிமார்களின் நினைவு வருகிறது. அவர்களில் பலரை அந்நாளைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவில்லாதவர் என்றே எண்ணியிருக்கும். ஏதேனும் ஒரு மொழியில் செய்தித்தாள் போன்ற ஒன்றைப் புரிந்து வாசிக்க முடிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்பது கணக்கெடுப்பின் அளவுகோல். அந்த அளவுகோலின்படி 1957இல் சிங்கப்பூரில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். பெண்கள் ஆண்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தனர்.

ஆனால் நம் பாட்டிமார்களில் பலர் குர்ஆனைத் தடையின்றி ஓதினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழும் சிலருக்குத் தெரிந்திருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர்கள் அரபுத் தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் வீடுகளுக்குள்ளே பெண்களிடம் போய்ச் சேர்ந்தன. தமிழ் எழுத்தில் அச்சான செய்தித்தாளைக் கொடுத்தால் மட்டும் அவர்களால் வாசிக்க இயலாது. கணக்கெடுப்பு தவறு செய்யவில்லை. ஆயினும் அந்தக் கல்வி அதன் கண்ணுக்குப் படவில்லை.

ஆண்கள் பக்கம் அச்சு முன்னமே வந்துவிட்டது. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கினார். போர் முடிந்தபின் 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. மகன்களோடு மகள்களும் தமிழ் எழுத்துக்கு வந்தது இத்தகைய பள்ளிகளால்தான். பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கு 1960இல் அமைந்த வயது வந்தோர் கல்வி வாரியத்தின் வகுப்புகளும், தொழிலாளர்களுக்கு 1983இல் தொடங்கிய அடிப்படைக் கல்வித் திட்டமும் கைகொடுத்தன.

இன்று 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் எழுத்தறிவு பெற்றோர் 2010இல் 95.9 விழுக்காடு, 2020இல் 97.1 விழுக்காடு. எஞ்சிய இடைவெளி பெரும்பாலும் முதியவர்களிடத்தில், அதிலும் பெண்களிடத்தில்தான் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நம் பேத்திகள் பல்கலைக்கழகம் வரை சென்றுவிட்டார்கள்.

ஆனால் பாட்டியின் பெட்டியில் ஓர் அரபுத் தமிழ்க் கிதாபு கிடைத்தால் அதை வாசிக்க எத்தனை பேத்திகளால் முடியும்? எழுத்து தெரிந்தும் தமிழ் எழுத்தே தடுமாறும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அன்று கணக்கெடுப்பின் கண்ணுக்குப் படாதது பாட்டியின் கல்வி. இன்று படாதது இந்த இழப்பு.

எனவே அன்பர்களே, வீட்டில் உள்ள பழைய கிதாபுகளையும் கடிதங்களையும் எறிந்துவிடாதீர்கள். ஓதத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். நம் தாய்மார்களின் கல்வியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.