ஒல்லாந்தில் எழுந்த முன்குறிப்பு வழக்கு

1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் சீர்திருத்தச் சபையையும் உடன் கொணர்ந்தனர். அச்சபையின் கோட்பாடு மாற்றுக் குரலுக்கு இடமில்லாத முடிந்த முடிபாக ஈண்டு வந்து சேர்ந்தது. அம்முடிபு எய்தப்பட்டவாறு யாது என ஆராயப் புகின், நாற்பதாண்டுகட்கு முன் ஒல்லாந்திலே நிகழ்ந்த ஒரு பெருவழக்கை நோக்குதல் வேண்டும். சொல்லில் தொடங்கி வாளில் முடிந்த வழக்கு அது.

மனிதன் மீட்படைவது இறைவன் முன்னரே குறித்தமையாலா, அன்றித் தானே விரும்பி விசுவாசங் கொண்டமையாலா என்னும் வினா கிறித்தவ உலகிற்குப் புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீனும் பெலாகியசும் இதுபற்றி மாறுபட்டனர். பதினாறாம் நூற்றாண்டிலே கல்வின், இறைவன் சிலரை வாழ்வுக்கும் ஏனையோரை அழிவுக்கும் அநாதியிலேயே நியமித்தான் என வலியுறுத்தினார். அவர்க்குப்பின் ஜெனீவாவில் தலைமை பூண்ட பீசாவிடம் பயின்றவரே ஆர்மீனியஸ். 1603இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், விசுவாசத்தை நோக்காது இறைவன் மாந்தரைத் தள்ளுவானாயின் பாவத்திற்கு அவனே கருத்தாவாவான் என அஞ்சினார். விசுவசிப்பார் இன்னார் என முன்னறிந்தே இறைவன் தெரிந்துகொள்கிறான் என்பது இவர் துணிபு. உடனாசிரியரான கொமாரசோ, அவ்வாறாயின் மீட்பு மனிதன் கையதாகிவிடும் என மறுத்தார்.

ஆர்மீனியசைப் பெலாகியசின் வழியினர் எனப் பலர் பழித்தனர். அப்பழி பொருந்தாது. அருளின்றி மனிதன் நன்மையின்பால் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது என்பதை இவரும் உடன்பட்டார். அவ்வருளை மனிதன் மறுத்தல் கூடுமோ என்பதிலேயே வேறுபாடு நின்றது. 1608இல் இருவரையும் விசாரித்த நீதிமன்றத் தலைவர் வேற்றுமை சிறிதே எனக் கருத, ஆர்மீனியசின் கருத்தோடு இறைவன் சந்நிதியில் நிற்கத் தாம் துணியார் எனக் கொமாரஸ் விடையிறுத்தார்.

1609இல் ஆர்மீனியஸ் மறைந்தார். மறுவருடம் அவர் சார்பினர் ஐந்து கூற்றுக்களைக் கொண்ட முறையீடொன்றை அரசுக்கு விடுத்தனர். எதிர்த்தரப்பினர் 1611இல் மறுப்புரைத்தனர்.

இந்நிலையில் அரசியல் இடைபுகுந்தது. ஸ்பானியாவோடு 1609இல் போர்நிறுத்தம் செய்வித்த மூத்த அமைச்சர் ஓல்டன்பார்னவெல்ற், முறையீட்டாளரை ஆதரித்தார். போரையே விரும்பிய படைத்தலைவர் மோரிஸ் இளவரசர் 1617இல் எதிர்த்தரப்பினரின் ஆராதனைக்கு வெளிப்படையாகச் சென்றார். முன்குறிப்பு என்பது பச்சையோ நீலமோ எனத் தாம் அறியார் என அவர் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. நகரங்கள் தாமே படை திரட்டலாமென ஒல்லாந்து மாகாணம் தீர்மானிக்க, 1618 ஓகத்து மாதத்தில் அமைச்சரும் சட்ட அறிஞர் குரோசியசும் சிறைப்பட்டனர்.

ஆகவே 1618 நவம்பர் 13இல் டோர்ட் நகரிலே திருச்சபைப் பேரவை கூடியபோது, ஒரு தரப்பின் புரவலர் முன்னரே விலங்கிலிருந்தனர். இங்கிலாந்து, சுவிற்சலாந்து, ஜெர்மானிய நாடுகள் முதலியவற்றின் பேராளரும் வந்திருந்தனர். முறையீட்டாளரோ வாதிகளாகவன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டோராகவே அழைக்கப்பட்டனர். அவர்தம் தலைவர் எபிஸ்கோப்பியஸ் விவாத முறைபற்றி வழக்காட, 1619 ஜனவரியில் அவைத்தலைவர் பொகர்மன் சினந்து அவர்களை வெளியேற்றினார். அதன்பின் அவர்தம் கருத்துக்கள் அவர்தம் நூல்களைக்கொண்டே ஆராய்ந்து விலக்கப்பட்டன. எனினும் கொமாரசின் மிகக் கடுமையான கொள்கையைப் பேரவை தன் விதிகளில் ஏற்கவில்லை என்பதும் நினைவுகூரற்பாலது.

ஏறத்தாழ இருநூறு குருமார் பதவி இழந்தனர். மே 13இல், எழுபத்தொரு வயதினரான ஓல்டன்பார்னவெல்ற் ஹேக் நகரிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். சாட்டப்பட்டது இராசத்துரோகமேயன்றிச் சமயப்பிழையன்று. போட்டியிட்ட வணிகக் குழுக்களை 1602இல் இணைத்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியை உருவாக்கியவர் இவரே. அவரை வீழ்த்திய தரப்பின் கோட்பாட்டை அவர் கண்ட கம்பனியே யாழ்ப்பாணத்துக்குச் சுமந்து வந்தது. ஆயுட்சிறை பெற்ற குரோசியஸ், மனைவி மரியாவின் சூழ்ச்சியால் 1621இல் புத்தகப் பெட்டியொன்றுள் ஒளிந்து தப்பினார்.

1625இல் மோரிஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்தது. நாடுகடத்தப்பட்டோர் மீண்டனர், 1634இல் அம்ஸ்ரடாமில் தமக்கெனக் குருமார் கல்லூரி ஒன்றும் தாபித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெஸ்லி இக்கொள்கையைத் தழுவி, 1778இல் தாம் தொடங்கிய திங்களிதழுக்கு ஆர்மீனியசின் பெயரையே இட்டார். அவர்வழி வந்த மெதடிஸ்த மிசனரிமார் 1814இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தனர். டோர்ட் பேரவை விலக்கிய கொள்கை, அதன் விதிகளை ஒல்லாந்தக் குருமார் போதித்த அதே ஊரில், அவ்வாண்டு முதல் போதிக்கப்படலாயிற்று.